ஜூன் வருவதற்குள் மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. விடிந்ததும் கடற்கரைச் சாலை வரைக்கும் போய்விட்டு, வரும்போது கீரை வாங்கிக்கொண்டு வருகிறார். கத்திரி பிறந்துவிட்டது. புதுச்சேரியில் எப்போதும் போலத்தான், மத்தியானம் வரைக்கும் ஊர் வேகிறது, மூன்று மணிக்கு மேல் கடல்காற்று ஏறினால்தான் மூச்சு வருகிறது.

போன வாரம் பாரிஸிலிருந்து போனில் பேசும்போது, "36 டிகிரிக்கே இங்க எல்லாரும் அலறுவாங்கம்மா, நம்ம ஊர்ல இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று சிரித்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தூங்கின பிறகு உட்கார்ந்து முழுசாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் மெடிக்கல் வார்டில்தான் அதிகம் இருந்தேன். மே மாதம் வந்தால் வெயிலில் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தார் ரோடு போடுகிறவர், சித்தாள், கரும்பு வெட்டுகிறவர், வீட்டைவிட்டு வெளியே வராத பாட்டி. அத்தனை பேரும் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவர்கள்தான். தொட்டால் நம் கை சுடும். பேச்சு குழறும், பெயர் என்ன என்று கேட்டால் வேறு எதையோ சொல்வார்கள். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மூளை, சிறுநீரகம், ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். வெயிலுக்குப் பழகின உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பழக்கமும் நிலையானது இல்லை. வெயிலில் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வரும், விலகிவிட்டால் சில வாரங்களில் போய்விடும். நீ போய் எத்தனை குளிர்காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார். உனக்கு இருப்பது இப்போது பாரிஸ் உடம்பு, கண்ணு. புதுச்சேரியில் பிறந்தவள் என்பது உன் பாஸ்போர்ட்டுக்குத் தெரியும், உன் வியர்வைச் சுரப்பிக்குத் தெரியாது.

அடுத்தது உன் வீடு. பேறுகாலத்துக்கு நான் வந்திருந்தபோது ஜூலையில் சில நாள் வெயில் அடித்ததே, அப்போது ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். முதுகில் சூடு ஏறியது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது அந்தச் சுவர். வெளியே ஜன்னலில் காற்று குளிர்ந்துவிட்டது, வீட்டுக்குள் குளிரவில்லை. மேலே தலைக்கு ஓரடி உயரத்தில் துத்தநாகத் தகடு. பாரிஸின் கூரைகளில் பெரும்பகுதி இந்தத் தகடுதான். அந்தச் சாம்பல் நிறக் கூரைகள் அழகு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தத் தகடு வேலைக்காரர்களின் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறது. ஆனால் அதன் அடியில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு ஜூலை மாதம் வேறு கதை. அந்தக் காலத்தில் வேலைக்காரிகள் தங்குவதற்கென்று கட்டிய மேல்மாடி அறைகள் அவை. குளிருக்குத் தாங்கக் கட்டிய ஊர், சூட்டை உள்ளே பிடித்து வைக்கவே கட்டிய சுவர்.

நம் வீட்டில் முற்றம் இருக்கிறது, தாழ்வாரம் இருக்கிறது, மின்விசிறி இல்லாத அறை கிடையாது. ராத்திரி மொட்டைமாடியில் பாய் போட்டால் தென்னங்கீற்று அசையும். 40 டிகிரி நாம் பார்க்காததா என்று நீ கேட்கலாம். பார்த்தது சரிதான். அதற்குத் தகுந்த வீட்டில் இருந்துகொண்டு பார்த்தோம்.

இப்போது 2003-ஐப் பற்றிச் சொல்கிறேன். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உனக்கு நினைவிருக்காது. அந்த ஆகஸ்டில் முதல் இரண்டு வாரம் பிரான்ஸை வெயில் பிடித்துக்கொண்டது. பாரிஸில் பகலில் 39 டிகிரியைத் தாண்டியது. ஆனால் நான் ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், பகல் கணக்கை விட ராத்திரிக் கணக்கைப் பார். அந்த மோசமான ராத்திரிகளில் பாரிஸின் குறைந்தபட்ச வெப்பம் 25.5 டிகிரி. நம் ஊரில் மே மாதத்தில் 25.5 டிகிரியில் ஒரு ராத்திரி கிடைத்தால் போர்வை தேடுவோம். அங்கே அந்த எண்ணில் ஆட்கள் செத்தார்கள். ஏனென்றால் அது வானிலை நிலையத்தில் அளந்த எண். தகட்டுக் கூரைக்குக் கீழே, மூடிய அறைக்குள், அதைவிட எவ்வளவோ மேல். பகலில் தாங்கிய இதயம் ராத்திரி ஓய்வெடுத்தால்தான் மறுநாளும் தாங்கும். அந்த ஓய்வு ஒரு வாரத்துக்கு மேல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாளிலிருந்து வயதானவர்கள் சரசரவென்று விழுந்தார்கள்.

பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர். அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் சேர்த்து 70,000-க்கும் மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள். பிரான்ஸில் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆகஸ்ட் என்பதால் பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள், டாக்டர்களும் போயிருந்தார்கள். பிணவறைகள் நிரம்பி, ரன்ஜீஸ் மொத்தச் சந்தைப் பக்கத்தில் குளிர்பதனக் கிடங்கைத் திறக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி, யாரும் கேட்டு வராத 57 உடல்களைத் தியே என்ற இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஜனாதிபதி ஜாக் சிராக்கே வந்து நின்றார். 57 பேருக்கும் பக்கத்து வீடு என்று ஒன்று இருந்திருக்கும், கண்ணு. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போன்ழூர் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கெட்ட மனசு என்று நான் சொல்ல மாட்டேன். கதவு சாத்தியிருந்தது, சாத்தின கதவைத் தட்டக்கூடாது என்று நினைத்திருப்பார்கள்.

யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று பிறகு பிரெஞ்சுக்காரர்களே ஆராய்ந்தார்கள். நடமாட்டம் குறைந்தவர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், கூரைக்கு நேர் கீழே படுக்கையறை உள்ளவர்கள், வெப்பத்தைத் தடுக்காத பழைய கட்டடத்தில் இருந்தவர்கள் என்று ஆபத்தானவை வரிசையாக வந்தன. கூரைக்கு நேர் கீழே படுக்கையறை என்பதை மறுபடி படி. அது உன் வீடு.

வெயிலால் செத்தார் என்று சர்டிபிகேட்டில் பெரும்பாலும் எழுதுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் எழுதுவோம். நானே அந்தத் தாள்களைக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதனால் வெள்ளத்தில் இறந்தவர்களை எண்ணுகிற மாதிரி இவர்களை எண்ண முடியாது. வழக்கமாக அந்த வாரத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருஷம் எத்தனை பேர் கூடுதல், வெப்பம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பார்சிலோனாவில் இருக்கிற ஆய்வாளர்கள் அப்படிப் போட்ட கணக்கில் 2022 கோடையில் ஐரோப்பாவில் 61,000-க்கும் மேல், 2023-இல் 47,000-க்கும் மேல், 2024-இல் மறுபடி 62,000-க்கும் மேல். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அந்தக் கண்டத்தில் தள்ளாத வயதில் தனியாக வாழ்கிறவர்களில் பெண்கள்தானே அதிகம். இத்தனை பணம், இத்தனை ஆஸ்பத்திரி, இத்தனை எச்சரிக்கை இருக்கிற நாடுகளில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு சின்ன ஊரே காணாமல் போகிறது. இதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

கண்டங்களிலேயே வேகமாகச் சூடேறுவது ஐரோப்பாதான். 1980-களிலிருந்து உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்று உலக வானிலை அமைப்பும் ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் காலநிலைச் சேவையும் சேர்ந்து சொல்கின்றன. காரணம் ஒன்று இல்லை. வட துருவத்தை ஒட்டிய கண்டம் அது. துருவப் பகுதி எல்லா இடத்தையும்விட வேகமாகச் சூடாகிறது. முன்பெல்லாம் பனி மூடிய வெள்ளை நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும், இப்போது கறுப்பு மண் அதை வாங்கிக்கொள்கிறது. நகராமல் நிற்கிற உயர் அழுத்தக் காற்று, வட ஆப்பிரிக்காவிலிருந்து சூட்டை இழுத்து வந்து வாரக்கணக்கில் தலைக்கு மேல் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொன்று கேட்டால் உனக்கு வியப்பாக இருக்கும். ஆலைப்புகையைக் குறைத்துக் காற்றைச் சுத்தம் செய்தார்கள், நல்ல காரியம். அந்தப் புகைத்தூசி இதுவரை கொஞ்சம் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் உள்ளே இருந்த சூடு முழுசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடிப்படைக் காரணம் உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான், நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்து நாம் எல்லோரும் வானத்தில் ஏற்றி வைத்திருக்கிற கரியமில வாயு.

2019 ஜூன் 28 அன்று தெற்குப் பிரான்ஸில் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி. அடுத்த மாதமே 25-ஆம் தேதி பாரிஸில் 42.6. 2021 ஆகஸ்டில் சிசிலியில் 48.8. 2022 ஜூலையில் இங்கிலாந்தில், எப்போதும் மழைக்கோட்டோடு அலைகிற அந்த நாட்டில், 40.3. இவை எல்லாம் பகல் எண்கள். ராத்திரி எண்ணை யாரும் தலைப்புச் செய்தியில் போடுவதில்லை என்பதுதான் என் வருத்தம். ஆனால் பிரெஞ்சு அரசு எச்சரிக்கை விடுகிற முறை சரியானது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2003-க்குப் பிறகு ஏற்படுத்திய முறை அது. பாரிஸுக்கு எல்லை பகலில் 31, ராத்திரியில் 21. மூன்று நாள் சராசரி இரண்டும் தாண்ட வேண்டும். 31 என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 21 என்ற இரண்டாவது எண்ணை வைத்தவர்களுக்கு விஷயம் தெரியும். வானிலைச் செய்தியில் இனிமேல் நீ அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறேன். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவேனே, அங்கே மரப்பொந்தில் ஒரு பட்டாணிக்குருவி கூடு வைத்திருந்தது. நம் பக்கத்து மலைக்காடுகளில் இருக்கிற பட்டாணிக்குருவிக்கு வயிறு வெளுப்பு, அதற்கு நல்ல மஞ்சள். வாயில் பச்சைப்புழுவோடு வரும், உள்ளே போகும், உடனே வெளியே பாயும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது ஒரு தடவைகூட ஓய்ந்து உட்காரவில்லை. அதன் குஞ்சுகள் வளர்வதே அந்தப் புழுவை நம்பித்தான். புழு ஓக் மரத்தின் இளந்தளிரைத் தின்னும். வசந்தம் சீக்கிரம் சூடானால் தளிர் சீக்கிரம் விடும், புழுவும் சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் காட்டில் பல பத்து வருஷமாகக் குருவிகளைக் கவனித்தவர்கள், அவை முட்டையிடுவதை ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னுக்குத் தள்ளிவிட்டதைக் கண்டார்கள். அங்கேயே இருக்கிற குருவி, அதற்கு முடிகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிற ஈப்பிடிப்பானுக்கு ஐரோப்பாவில் சூடு ஏறிவிட்டது என்று யார் சொல்வார்கள்? அது பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்துக் கிளம்புகிறது. வந்து சேரும்போது பந்தி முடிந்திருக்கிறது. நெதர்லாந்தில், புழு மிகச் சீக்கிரம் வந்து முடிகிற காடுகளில் அந்தப் பறவை ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2006-லேயே எழுதினார்கள். இரையும் இருக்கிறது, பறவையும் இருக்கிறது, இரண்டும் ஒரே வாரத்தில் இல்லை. வார்டில் மருந்தும் இருக்கும், நோயாளியும் இருப்பார், ஆள் வந்து சேர்ந்த நேரம் தப்பியிருக்கும். அந்தப் பறவையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

திராட்சைக்கும் நாள் மாறிவிட்டது. பிரான்ஸில் பர்கண்டி பக்கம் போன் (Beaune) என்கிற ஊரில் 1354-ஆம் வருஷத்திலிருந்து அறுவடைத் தேதியை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு நூற்றாண்டுக்கு மேலாகச் செப்டம்பர் கடைசியில் பறித்தவர்கள், 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாகப் பறிக்கிறார்கள். பனியாறுகள் சுவிட்சர்லாந்தில் 2022, 2023 இரண்டே வருஷத்தில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ரோன் ஆறு பிறக்கிற பனியின் மேல் கோடையில் வெள்ளைப் போர்வை போர்த்துகிறார்கள். இத்தாலியில் மார்மொலாடா மலையில் 2022 ஜூலையில் பனிப்பாளம் உடைந்து விழுந்து, ஏறிக்கொண்டிருந்த 11 பேர் போனார்கள். ஜெர்மனியில் வறட்சியில் சோர்ந்த ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரக் காடுகளைப் பட்டை வண்டு அரித்து, 2018-லிருந்து 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மொட்டையாகிவிட்டது. 2022-இல் தென்மேற்குப் பிரான்ஸில் போர்தோ பக்கம் பைன் காடு எரிந்தபோது புகை வாசனை பாரிஸ் வரைக்கும் வந்தது. எல்பே ஆற்றில் தண்ணீர் மிகவும் வற்றினால் மட்டும் தெரிகிற கல் ஒன்று செக் நாட்டில் இருக்கிறது. "என்னைக் கண்டால் அழு" என்று பழைய காலத்து மக்கள் அதில் செதுக்கியிருக்கிறார்கள். 2018-லும் 2022-லும் அது வெளியே தெரிந்தது.

கொசுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது என் துறை. கால்களில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசு 2004-இல் தெற்கே மெந்தோன் பக்கம் குடியேறியது. இப்போது பிரான்ஸின் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது, பாரிஸிலும் இருக்கிறது. டெங்குவும் சிக்குன்குன்யாவும் வெளிநாடு போகாதவர்களுக்கே வந்துகொண்டிருக்கின்றன. 2025-இல் சிக்குன்குன்யா மட்டும் நூற்றுக்கணக்கான பேருக்கு அங்கேயே கடித்த கொசுவால் வந்தது. 2006-இல் நம் பக்கம் சிக்குன்குன்யா வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தவள் நான். சூடு கூடக்கூட முட்டையிலிருந்து கொசுவாகிற நாள் குறையும், கொசுவின் உடம்பில் கிருமி பெருகுவதும் வேகமாகும். உன் பால்கனியில் பூந்தொட்டிக்குக் கீழே வைத்திருக்கிற தட்டில் தண்ணீர் நிற்கிறது, நான் பார்த்தேன். அதில் மணலைப் போடு. வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத் தண்ணீரையும் கொட்டிக் கவிழ்த்துவிடு. காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் கொசுக்கடியைப் பற்றி நீயே சொல். அங்கே எல்லா டாக்டருக்கும் அது முதலில் தோன்றும் என்று நினைக்காதே. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரைக்கும் ஆஸ்பிரினும் ப்ரூஃபனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு விஷயம். அடுப்படி வேலை அவருக்கு. வெளியே 35 என்றால் அவர் நிற்கிற இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலை 1 முதல் பிரான்ஸில் வெப்பத்துக்கென்று தனி விதி வந்திருக்கிறது. வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை கொடுத்த நாளிலிருந்தே முதலாளி வேலை நேரத்தை மாற்றியமைக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும், வயதானவர்களையும் நோய் உள்ளவர்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். கூட வேலை செய்கிற இலங்கைத் தம்பிகள், வங்காளத் தம்பிகள் எல்லோருக்கும் சொல்லச் சொல். தலைசுற்றினால், கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், அது உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை. அப்போதே வெளியே வந்து நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

வீட்டுக்குச் செய்ய வேண்டியது: வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை எட்டு மணிக்கே, ஜன்னலையும் மரச்சட்டரையும் சாத்திவிடு. நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தெருக்களில் இன்னமும் அப்படித்தான் சாத்துகிறார்கள், நீயே சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். கூரையில் இருக்கிற சாய்வு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் பாதிப் பலன்தான், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். ராத்திரி வெளியே வீட்டைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடு. பிள்ளை வயசு சின்னது, கட்டிலில் போடாதே, தரையில் பருத்தித் துணி விரித்துப் போடு. ஈரத்துணியால் கை கால் துடைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் உடம்புச் சூடு இறங்கும். ஆனால் அறை 40-ஐத் தாண்டினால் வெறும் மின்விசிறி அடுப்புக்காற்றைத்தான் வீசும். அப்போது பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கோ, குளிர்ந்த பழைய சர்ச்சுக்கோ, கடைக்கோ போய் இரண்டு மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வா. ஒரு நாளில் சில மணி நேரம் குளிர்ச்சி கிடைத்தாலே உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

இனி நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். மூன்றாம் மாடியில் இருக்கிற அந்த அம்மா. பிள்ளைக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாரே, அவர்தான். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசுவோம். அவர் கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தால் மெல்லத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். வயதானவர்களுக்கு அப்படி இருக்கும்தான், ஆனாலும் தண்ணீர் கொஞ்சமாகக் குடிக்கிறவர் என்று எனக்குப் பட்டது. வயதானால் தாகம் தெரியாது. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து குடிக்காமலும் இருப்பார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை இருந்தால் இன்னும் வற்றும். மனசுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதே, கோடை தொடங்குவதற்குள் டாக்டரிடம் ஒரு தடவை கேட்கச் சொல், அவ்வளவு போதும்.

"அம்மா, இங்க அப்படிப் போய்க் கதவைத் தட்டினா பிடிக்காது" என்று நீ சொல்வாய். அதனால்தான் மே மாதத்திலேயே சொல்கிறேன். வெயில் வந்த பிறகு தட்டினால் அது விசாரணை மாதிரி இருக்கும். இப்போதே போ. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போ, பிள்ளையைப் பார்த்துவிட்டு உன்னை வாசலில் நிற்க வைக்க மாட்டார். உன் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. அவர் மகன் நம்பரை வாங்கி வைத்துக்கொள். பாரிஸ் மாநகராட்சியில் ரெஃப்ளெக்ஸ் என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கிற முதியவர்கள் பெயர் கொடுத்தால், வெப்ப அலை நாட்களில் போன் போட்டு விசாரிப்பார்கள், எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவார்கள். அது 2003-இல் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு. அவருக்கு விருப்பம் என்றால் கூட உட்கார்ந்து பதிவு செய்துகொடு. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று மறுப்பார். மறுத்தால் வற்புறுத்தாதே, ஆனால் நீ போய்ப் பார்ப்பதை நிறுத்தாதே.

எச்சரிக்கை ஆரஞ்சு ஆனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போ. போகும்போது ஜூஸ், தர்பூசணி, மோர் என்று ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போ. அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. பேச்சைக் கவனி. நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று தேதியைக் குழப்பினால், தடுமாறி நடந்தால், தோல் கொதித்தால், யோசித்துக்கொண்டிருக்காதே, 15-ஐக் கூப்பிடு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்து விசிறு. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

ஆகஸ்டில் நீங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால், போவதற்கு முன்னால் கட்டடத்தில் வேறு யாராவது ஒருவரிடம் அவர் பொறுப்பைச் சொல்லிவிட்டு வா. இரண்டாம் மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்களே, நல்ல பிள்ளைகள், சொன்னால் செய்வார்கள். அவர்களுக்கும் ஒரு வேளை பிரியாணி கொடுத்து வைத்துக்கொள்.

அடுத்த வாரம் நம் தெருவிலிருந்து பாரிஸ் வருகிறவர்களிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். நன்னாரி சர்பத் இரண்டு பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பிள்ளைக்கு மல் துணியில் தைத்த சட்டைகள், கூரை ஜன்னலுக்குக் கட்ட அப்பாவின் வெள்ளை வேட்டி நான்கு இருக்கும். வேட்டியின் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் தைத்திருக்கிறேன், மாப்பிள்ளையை விட்டுக் கட்டச் சொல், நீ ஜன்னலில் ஏறாதே. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய். பனையோலை விசிறி இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று மூன்றாம் மாடிக்கு. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே போன் நம்பரையும் கொடுத்துவிடு.

பை வந்து சேர்ந்ததும் சொல். அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, என்ன பேசினார், எப்படி இருக்கிறார் என்று விவரமாகச் சொல்.

பிள்ளைக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா